அஸ்தமன சூரியனுக்கு அர்க்கியம்

உதிக்கிற சூரியனை உலகமே கும்பிடும். மறைகிற சூரியனை யார் கும்பிடுவார்கள் என்று உலக அனுபவம் மிகுந்தவர்கள் சொல்வதுண்டு. பதவியில் இருக்கும் மனிதரின் வாசலில் மோட்டார் வண்டிகள் வரிசையாக நிற்பதையும், பதவி போன மறுநாளே அந்த வாசலில் காக்கைகூட உட்காராமல் போவதையும் கண்டவர்களுக்கு இந்தச் சொல்லின் உண்மையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த உலக நியாயத்தைத் தலைகீழாகப் புரட்டிவிடும் திருவிழா ஒன்று நம் தேசத்தில் இருக்கிறது. அதில் முதல் மரியாதை மறைகிற சூரியனுக்குத்தான். உதிக்கிற சூரியன் தன் முறை வரும் வரையில் இரவெல்லாம் காத்திருக்க வேண்டும்!

பீகார் நாட்டில் தீபாவளி கழிந்த ஆறாம் நாள் மாலையில் கங்கைக் கரைக்குச் சென்றால் இந்த அதிசயத்தைக் காணலாம். கரை நெடுகிலும் லட்சக்கணக்கான மக்கள். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் மேற்குத் திசை நோக்கி நிற்கிறார்கள். ஒவ்வொருத்தியின் கையிலும் ஒரு மூங்கில் முறம். முறத்தில் வாழைப்பழம், தேங்காய், கரும்புத் துண்டு, இலையோடு கூடிய மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, பணியாரம், ஓர் அகல் விளக்கு. செங்கதிரோன் நீரின் விளிம்பில் இறங்கும் நேரத்தில் அத்தனை முறங்களும் உயர்கின்றன. பக்கத்தில் நிற்பவர்கள் முறத்தின் முன்னால் பாலும் நீரும் வார்க்கிறார்கள். மேளதாளம் இல்லை, மந்திர கோஷம் இல்லை, அர்ச்சகரும் இல்லை. பெண்கள் பாடும் நாட்டுப் பாட்டு ஒன்றுதான் அந்த அந்தி வேளையில் ஒலிக்கிறது.

இதற்குச் 'சத் பூஜை' என்று பெயர். பீகாரில் மட்டுமல்ல, ஜார்க்கண்டிலும், உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும், நேபாளத்துச் சமவெளியிலும் இதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. அங்குள்ளவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகாவிட்டாலும் போகாமல் இருப்பார்கள். சத்துக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள்.

'சத்' என்ற சொல் வேறொன்றுமில்லை. 'சஷ்டி' என்ற வடசொல்தான் மக்கள் நாவில் புரண்டு புரண்டு அப்படித் தேய்ந்திருக்கிறது. ஐப்பசி மாதத்து வளர்பிறை சஷ்டி என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வரும். ஆம், அதே திதிதான் நம்முடைய கந்த சஷ்டியும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி மாலையில் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரபத்மன் வீழ்ந்தான். அதே மாலையில் பாட்னாக் கரையில் முறங்கள் உயர்ந்தன. 2025-இல் அக்டோபர் 27-ஆம் தேதி இரண்டும் மறுபடியும் ஒன்றாகவே வந்தன. தெற்கே ஒரு கடற்கரை. வடக்கே ஓர் ஆற்றங்கரை. இரண்டிலும் பட்டினி கிடந்து வாடிய முகங்கள். இரண்டிலும் நீர் விளிம்பில் சாயும் அதே சூரியன். ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமலே இரண்டு ஜன சமூகங்கள் ஒரே நாளில் உபவாசம் இருந்து வருகின்றன!

இது வெறும் பஞ்சாங்கப் பொருத்தம் என்று தள்ளிவிட முடியாது. பீகார்ப் பெண்கள் சூரியனோடு சேர்த்து 'சட்டி மையா' என்று ஒரு தாயையும் கும்பிடுகிறார்கள். சட்டி மையா என்றால் சஷ்டித் தாய். குழந்தை பிறந்த ஆறாம் நாள் இரவில் அந்த வீட்டுக்கு வந்து சிசுவைக் காப்பவள் அவள் என்பது வட இந்தியா முழுவதும் உள்ள பழைய நம்பிக்கை. யார் இந்தச் சஷ்டி? மகாபாரதத்தின் வன பர்வம் விடை சொல்லுகிறது. முருகனுக்கு மாலையிட்ட தேவசேனைக்கு உள்ள பல பெயர்களில் ஒன்றாகச் சஷ்டி என்பதை அது குறிப்பிடுகிறது. நாம் தெய்வயானை என்று அழைக்கும் அதே அம்மைதான்! நாம் சஷ்டியன்று கணவனைக் கும்பிடுகிறோம். அவர்கள் மனைவியைக் கும்பிடுகிறார்கள். வேண்டுதல் மட்டும் இரு பக்கத்திலும் ஒன்று: பிள்ளை வரம், பெற்ற பிள்ளைக்கு ஆயுள். "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்கு, சஷ்டியில் விரதம் இருந்தால் அகமாகிய பையில் கரு வரும் என்று நம் பாட்டிமார் பொருள் சொல்வார்கள் அல்லவா? அந்தப் பொருளைப் பாட்னாவில் ஒரு பாட்டியிடம் மொழிபெயர்த்துச் சொன்னால், அவள் சிறிதும் ஆச்சரியப்பட மாட்டாள்.

விரதம் நான்கு நாள் நடக்கிறது. சதுர்த்தியன்று ஆரம்பம். அன்று காலையில் ஆற்றில் நீராடிவிட்டு, அரிசிச் சோறும் கடலைப் பருப்பும் சுரைக்காய்க் கறியும் சமைத்து ஒரு வேளை சாப்பிடுவார்கள். வெங்காயம், பூண்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது. இந்துப்புதான் சேர்க்கலாம். 'நீராடி உண்ணுதல்' என்ற பொருளிலேயே அந்த நாளுக்குப் பெயர்.

இரண்டாம் நாள் 'கர்னா'. பகல் முழுவதும் தண்ணீர்கூட இல்லை. சூரியன் மறைந்த பிறகு, புதிதாகச் செய்த மண் அடுப்பில் மாமரத்து விறகு எரித்து, வெல்லப் பாயசமும் ரொட்டியும் செய்து படைத்துச் சாப்பிடுவார்கள். அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. அந்தப் பாயசம் தொண்டையில் இறங்கியதோடு சரி. அதற்குப் பிறகு ஏறக்குறைய 36 மணி நேரம் ஒரு சொட்டு நீர்கூடப் பருகாத கடும் பட்டினி. கட்டிலில் படுக்கக் கூடாது, தரையில்தான் படுக்கை.

மூன்றாம் நாள் வீடு முழுவதும் நெய் மணக்கும். 'தேகுவா' என்ற பணியாரம் அன்றைக்குத்தான் தயாராகிறது. கோதுமை மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, மர அச்சில் வைத்து அழுத்திப் பூ வேலைப்பாடு செய்து, பொரித்து எடுப்பார்கள். நம் அதிரசத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளலாம். அந்த மாவுக்கான கோதுமையைக் கழுவி வெயிலில் உலர்த்தும்போது பக்கத்திலேயே ஒருவர் காவல் உட்கார்ந்திருப்பார். ஒரு குருவி மூக்கை வைத்துவிட்டால்கூட அந்தத் தானியம் எச்சில்! இதைப் பற்றிப் பெண்கள் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். சூரியனுக்கென்று வைத்த வாழைக் குலையில் ஒரு கிளி வாய் வைத்துவிடுகிறது. அம்பு பட்டு விழுகிறது. அதன் பேடை வந்து சூரிய தேவனிடமே அழுது முறையிடுகிறது. இவ்வளவு கண்டிப்பான ஆசாரத்துக்கு நடுவிலும், எச்சில் படுத்திய கிளியின் பக்கம் நின்று பாட அந்தப் பெண்களுக்கு மனம் இருக்கிறது பாருங்கள்! இன்னொரு பாட்டில் சட்டித் தாயிடம் வரம் கேட்கிறார்கள். ஆண் குழந்தை மட்டும் போதாதாம்; சலங்கை குலுங்க ஓடி விளையாட ஒரு பெண் குழந்தையும், அவளுக்குப் படித்த மாப்பிள்ளையும் வேண்டுமாம். பெண் மகவு பிறந்தால் முகம் சுளிப்பதாகப் பெயர் வாங்கிவிட்ட ஒரு பிரதேசத்தில், மிகப் பெரிய விரதத்தின் பாட்டிலேயே பெண் குழந்தைக்கு விண்ணப்பம் இருப்பதைச் சமூக சாஸ்திரிகள் கவனிக்க வேண்டும்.

அன்று மாலை, பண்டங்கள் நிறைந்த கூடையை வீட்டு ஆண்மகன் தலையில் சுமந்து வெறுங்காலோடு நடக்கிறான். விரதம் காப்பவள் மூக்கு நுனியிலிருந்து உச்சி வகிடு வரையில் செந்தூரம் இழுத்துக்கொண்டு பின்னால் வருகிறாள். வேண்டுதல் உள்ளவர்கள் வீட்டு வாசலிலிருந்து ஆற்றங்கரை வரையில் விழுந்து விழுந்து நமஸ்கரித்தபடியே போகிறார்கள். வசதி படைத்த குடும்பத்துப் பெண்கூடப் பிரார்த்தனைக்காகப் பத்து வீட்டில் முந்தானை ஏந்திப் பிச்சை வாங்கிப் பூஜைச் சாமான் சேர்ப்பது உண்டு. அங்கப்பிரதட்சிணமும் மடிப்பிச்சையும் நமக்குத் தெரியாதவையா என்ன?

மாலை அர்க்கியம் முடிந்தபின், அந்த வருஷம் கல்யாணமோ குழந்தைப் பேறோ நடந்த வீடுகளில் கரும்புகளை நிறுத்தி உச்சியில் சேர்த்துக் கட்டிப் பந்தல் போடுவார்கள். அதன் கீழே மண் யானை. யானையைச் சுற்றி விளக்குகள். விடியற்காலை இருட்டிலேயே மறுபடியும் ஆற்றில் இறங்கிக் கிழக்கு நோக்கி நிற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகைப் பனியில் கங்கை நீர் எப்படிச் சில்லிட்டிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அந்தக் குளிரில், ஒன்றரை நாள் பட்டினியோடு, நனைந்த புடவையில் அந்தப் பெண்கள் அடிவானத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். முதல் கதிர் தெரிந்ததும் இரண்டாவது அர்க்கியம். பிறகு இஞ்சித் துண்டும் வெல்லமும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் விரதம் பூர்த்தி.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம்.

சூரியனுக்கு நீர் வார்ப்பது நம் நாட்டில் புதிய காரியமல்ல. வேத காலம் தொட்டே உண்டு. சந்தியாவந்தனத்தில் காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் அர்க்கியம் விடுகிறார்கள். ஆகவே, மறையும் சூரியனை வணங்கும் வழக்கம் பீகார்ப் பெண்கள் கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அர்க்கியம் யாருக்கு உரியதாக இருந்தது? பூணூல் அணிந்த ஆண்களுக்கு. மந்திரம் தெரிந்தவர்களுக்கு. ஆகாயத்தில் எல்லோருக்கும் பொதுவாக நின்ற சூரியனுக்கு ஒரு கை நீர் வார்க்க, பூமியில் உபநயனம் என்ற அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. சத் பூஜை அந்த அனுமதிச் சீட்டைக் கேட்கவில்லை. மந்திரம் தெரியாதவளும், படிப்பறியாதவளும், வயல் வேலை செய்கிறவளும், வண்ணாரப் பெண்ணும், ஜமீன்தாரிணியும் ஒரே ஆற்றில் இறங்கி, தரகர் யாரும் இல்லாமல், நேரே சூரியனிடம் பேசிக்கொண்டார்கள். ஆண்களும் இந்த விரதம் இருப்பதுண்டு என்றாலும் இது பெண்கள் வளர்த்த விழா என்பதில் சந்தேகமில்லை.

இதே காலத்தில் ஆண்களும் அரசர்களும் நடத்திய சூரிய வழிபாடு என்ன ஆயிற்று என்று பார்த்தால்தான் இதன் பெருமை தெரியும்.

மகத நாட்டில், புத்த கயையின் பழைய கல் வேலியில், நான்கு குதிரை பூட்டிய தேரில் சூரியன் வரும் சிற்பம் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட வேலைப்பாடு அது. பின்னால் மகர்கள் என்ற பிராமணர்கள் வடமேற்கிலிருந்து வந்தார்கள். கண்ணபிரானின் மகன் சாம்பன் குஷ்ட நோய் தீரச் சூரியனுக்குக் கோயில் எடுத்தபோது, பூஜை செய்ய இவர்களைச் சாகத் தீவத்திலிருந்து வரவழைத்தான் என்பது புராணம். ஈரான் நாட்டுச் சூரிய பூஜாரிகளின் வழிவந்தவர்கள் என்பது ஆராய்ச்சியாளர் கூற்று. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர், சூரியனைப் பிரதிஷ்டை செய்ய உரியவர்கள் மகர்களே என்றும், சூரியன் சிலைக்கு வடதிசையாரின் உடை அணிவிக்க வேண்டும் என்றும் எழுதினார். வட இந்தியச் சூரியன் சிலைகள் முழங்கால் வரையில் பூட்ஸ் அணிந்து நிற்பதன் ரகசியம் இதுதான்! கயைக்கு அருகே கோவிந்தபூரில் கிடைத்த 1137-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஒரு மகப் பிராமணக் கவிஞர் குடும்பத்தின் பெருமையையே பாடுகிறது.

சூரியன் அப்போது ராஜ தெய்வம். மந்தசோர் நகரில் பட்டு நெசவாளர்கள் கி. பி. 437-இல் அவனுக்குக் கோயில் கட்டினார்கள்; பிழைப்புக்காகக் குஜராத்துப் பக்கத்திலிருந்து இடம் பெயர்ந்து வந்தவர்கள் அவர்கள். காச்மீரத்தில் 8-ஆம் நூற்றாண்டில் லலிதாதித்தன் மார்த்தாண்ட ஆலயம் எழுப்பினான். குஜராத்தில் மொதேராவில் 11-ஆம் நூற்றாண்டில் சோலங்கிகள் கட்டினார்கள். நம் காவிரிக் கரையிலும், முதற் குலோத்துங்கன் காலத்தில் சூரியனார் கோயில் எழுந்தது. 'குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்' என்பது அதன் பழைய பெயர். சூரிய பக்தியுள்ள கன்னோசி நாட்டுக் காகடவால மன்னர்களோடு குலோத்துங்கனுக்கு இருந்த உறவே இதற்குத் தூண்டுதல் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்த மன்னர்களின் வமிசாவளியைக் கூறும் கல்வெட்டு ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்திலேயே இருப்பது இதற்கு ஆதாரம். எல்லாவற்றுக்கும் சிகரமாக, 13-ஆம் நூற்றாண்டில் கலிங்கத்தில் முதலாம் நரசிம்மதேவன் கோனார்க்கை எழுப்பினான். 24 சக்கரங்கள், 7 குதிரைகள் பூட்டிய கல் தேர்! அவனுடைய முன்னோனாகிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ஒரு சோழ இளவரசி என்பது நம் சரித்திர வாசகர்கள் அறிந்ததே.

இவை எல்லாம் என்ன ஆயின?

மூலத்தானம் என்ற மூல்தான் நகரத்துப் பொன் சூரியனை 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கண்டு வியந்தார். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நகரைப் பிடித்த அராபியத் தளபதி, யாத்திரிகர் காணிக்கையால் வரும் வருமானத்தைக் கருதிக் கோயிலை விட்டுவைத்தான். 10-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆட்சிக்கு வந்த இன்னொரு கூட்டத்தார் சிலையை உடைத்தார்கள். மார்த்தாண்டம் இடிந்து தூண்களாக நிற்கிறது. மொதேராவில் குளம் இருக்கிறது, கூடம் இருக்கிறது; கர்ப்பக்கிருகத்தில் மூர்த்தி இல்லை. கோனார்க்கில் விமானமே விழுந்துவிட்டது. எஞ்சிய மண்டபமும் விழாமல் இருக்க 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அதன் உள்ளே மணலைக் கொட்டி அடைத்தார்கள். முகப்பில் நின்ற அருண ஸ்தம்பம் பூரிக்குப் போய்விட்டது. சோழ நாட்டுச் சூரியனார் கோயில் ஒன்று, கிரக தோஷம் நீக்கும் தலமாக, இன்றும் விளக்கெரிய இருக்கிறது. மற்றபடி ராஜாக்களின் சூரியன் அஸ்தமித்துவிட்டான்.

இதற்கெல்லாம் படையெடுப்பு மட்டுமே காரணம் என்று சொல்லித் திருப்தி அடைந்துவிட முடியாது. சிவனுக்கும் திருமாலுக்கும் கட்டிய கோயில்களும் இடிந்தன. ஆனால் அவற்றை மக்கள் மறுபடி கட்டினார்கள். சூரியன் கோயிலை அப்படி யாரும் கட்டவில்லை. அது அரசனின் பொக்கிஷத்தையும் மகப் பிராமணனின் தனி உரிமையையும் நம்பி நின்றது. பொக்கிஷம் போயிற்று, கோயிலும் போயிற்று.

முறத்தில் ஏந்திய சூரியனுக்கோ அந்த ஆபத்து இல்லை. ஆற்றை யாரும் இடிக்க முடியாது. மூங்கில் முறத்தைக் கொள்ளையடிக்க எந்த சுல்தான் வருவான்? பெண்கள் கல்வெட்டுப் பொறிக்கவில்லை; தாய் மகளுக்குச் சொன்னாள், மாமியார் மருமகளுக்குச் சொன்னாள். பீகாரிலேயே ஔரங்காபாத் ஜில்லாவில் தேவ் என்ற ஊரில் ஒரு சூரியன் கோயில் உண்டு. கிழக்கு வாசலுக்குப் பதிலாக மேற்கு நோக்கிய வாசல் அதற்கு! சத் சமயத்தில் அங்கே ஜன சமுத்திரம் கூடுகிறது. ஆனால் அங்கேயும் மக்கள் முதலில் தேடுவது குளத்தைத்தான், சந்நிதி பிறகு.

இன்னொரு விசேஷம். ஆசாரம் இவ்வளவு கடுமையான இந்தப் பூஜைக்கு இன்றியமையாத முறத்தையும் கூடையையும் முடைகிறவர்கள் யார்? டோம்கள் என்ற, சுடுகாட்டு வேலை செய்ததற்காகத் தீண்டாமைக்கு ஆளாகியிருந்த சாதியார். பாட்னாவில் பூஜைக்குரிய மண் அடுப்புகளைப் பிடித்து விற்பவர்களில் முஸ்லிம் பெண்கள் பலர் உண்டு. அந்த நாட்களில் அவர்களும் வீட்டில் மாமிசம் சமைக்காமல் இருந்து அடுப்பைச் செய்கிறார்கள். இதனால் பீகாரில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நான்காம் நாள் வீடு திரும்பியதும் அவரவர் சாதி அவரவர் வாசலில் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் வருஷத்தில் நான்கு நாளாவது ஒரு சமூகம் தன் மனச்சாட்சி சொல்வதைக் கேட்டு நடக்கிறது என்றால், அதை அற்பம் என்று தள்ளலாமா?

இந்த விழாவை முதலில் நோற்றவன் கர்ணன் என்று அங்கநாட்டு மக்கள் சொல்கிறார்கள். இன்றைய பகல்பூர்ப் பகுதிதான் துரியோதனன் கர்ணனுக்குக் கொடுத்த அங்க தேசம். கங்கைக் கரையில் முதுகு சுடும் வரையில் சூரியனை நோக்கி நின்று ஜபிப்பது அவன் வழக்கம் என்று பாரதம் கூறுகிறது. அந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. குந்தி தன் குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாள். அந்தப் பெட்டி அசுவ நதியிலிருந்து சர்மண்வதிக்கும், அங்கிருந்து யமுனைக்கும், யமுனையிலிருந்து கங்கைக்கும் மிதந்து சென்று, அங்க நாட்டுச் சம்பாபுரியில் கரை சேர்ந்தது என்கிறார் வியாசர். ஊருக்குப் பயந்து ஒரு தாய் குழந்தையை ஆற்றோடு போக விட்டாள். அந்தக் குழந்தை கரை ஏறிய நாட்டில் இன்று லட்சக்கணக்கான தாய்மார்கள், அதே ஆற்றில் இறங்கி, அதே சூரியனின் முன்னால் கூடையை ஏந்திக்கொண்டு, "என் குழந்தையைக் காப்பாற்று" என்று நிற்கிறார்கள். குந்தி செய்யத் துணியாததை அவர்கள் ஆண்டுதோறும் ஊரறியச் செய்து காட்டுகிறார்கள்.

ஆற்றோடு போன குழந்தைகள் என்பது பீகாருக்கு வெறும் புராணம் அல்ல. 1834 முதல் அந்தச் சமவெளியின் ஏழைகள் கல்கத்தாவில் கப்பல் ஏறி மொரீஷியஸுக்கும், பின்னால் டிரினிடாடுக்கும், சூரினாமுக்கும், ஃபிஜிக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனார்கள். நம்மவர்களும் அதே தீவுகளில் அவர்களுக்குப் பக்கத்திலே நின்று அதே கரும்பை வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த யாத்திரை ஓயவில்லை. பம்பாயில் கட்டடம் எழுப்புவதும், பஞ்சாபில் நாற்று நடுவதும், திருப்பூரில் பனியன் தைப்பதும், சென்னையில் மெட்ரோ ரயிலுக்குப் பள்ளம் தோண்டுவதும் பீகாரின் பிள்ளைகளே. சத் வந்துவிட்டால் ரயில்களில் மூச்சுவிட இடம் இருக்காது. கழிவறை ஓரத்திலும் உட்கார்ந்து இரண்டு நாள் பயணம் செய்து போகிறார்கள். போக முடியாதவர்கள் பம்பாயில் ஜூஹூ கடற்கரையிலும், டில்லியில் யமுனைக் கரையிலும், சென்னையில் மெரீனாவிலும் முறத்தோடு நிற்கிறார்கள்.

அங்கெல்லாம் அவர்களுக்கு வரவேற்பு ஒரே மாதிரி இல்லை. 2008-இல் பம்பாயில் இந்த விழாவே அரசியல் பூசலுக்கு இரையாயிற்று. பிழைக்க வந்தவன் பிழைத்தால் போதாதா, கும்பிடவும் வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. டில்லி யமுனையில் தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் சேர்ந்து பனிமலை போல் வெள்ளை நுரை மிதக்க, அந்த விஷ நுரைக்கு நடுவில் நின்று பெண்கள் அர்க்கியம் விடும் படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு குருவியின் மூக்குப் பட்டதற்காகக் கோதுமையை ஒதுக்கும் பெண், அந்த நுரையில் நிற்கிறாள்! அவளுடைய சுத்தம் அவளிடம் இருக்கிறது. நதியின் சுத்தம் யாரிடம் இருக்கிறது? சொந்த ஊரிலும் நிலைமை பொன்னாக இல்லை. 2012-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி மாலையில் பாட்னாவில் அதாலத் படித்துறையில் அர்க்கியம் முடிந்து திரும்பிய கூட்டம் நெரிசலில் சிக்கி 15-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். குழந்தைகளின் ஆயுளுக்காக விரதம் இருந்த இடத்தில் குழந்தைகளும் மடிந்தார்கள் என்பதை எந்த மனத்தோடு எழுதுவது? எளியவர்கள் கூடும் இடத்துக்கு வழியும் விளக்கும் காவலும் அமைப்பதையும் ஒரு பூஜையாகக் கருதும் அதிகாரிகள் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால்!

சத் பாட்டுகளைத் தம் குரலால் நாடெங்கும் கொண்டு சென்றவர் சாரதா சின்ஹா என்ற அம்மையார். இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் வந்த அவர் குரல் கேட்காமல் அங்கே சத் இல்லை. அவர் 2024 நவம்பர் 5-ஆம் தேதி டில்லி மருத்துவமனையில் காலமானார். அன்று சத்தின் முதல் நாள். அந்த ஆண்டு மறையும் சூரியனுக்கு அர்க்கியம் விட்ட பெண்கள் அவர் பாடிய பாட்டுகளையே பாடிக்கொண்டு நின்றார்கள். மறைந்தவர்க்கு இதைவிட உரிய மரியாதை வேறு என்ன இருக்கிறது?

மாலை அர்க்கியத்தின் பொருளும் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. உதிக்கிற சூரியனை வணங்குவதில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. இனி அவன் கொடுக்கப்போவதற்கான விண்ணப்பம் அது. மறைகிற சூரியனிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டியதை எல்லாம் அவன் கொடுத்துவிட்டான். நெல்லை முற்ற வைத்தான். கரும்பில் சாறு ஏற்றினான். மஞ்சளுக்கு நிறம் கொடுத்தான். அவன் கொடுத்ததையே ஒரு முறத்தில் எடுத்து வைத்து, "இதோ பார், நீ கொடுத்தது வீண்போகவில்லை" என்று அவனுக்குக் காட்டுகிறார்கள். முதலில் நன்றி, பிறகு வேண்டுதல். இந்த வரிசை மாறாமல் இருப்பதுதான் அந்த விழாவின் தர்மம். தைப் பொங்கலன்று முற்றத்தில் புது அரிசி பொங்கிக் கதிரவனுக்குக் காட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

நம்மைப் பெற்று வளர்த்து ஆளாக்கிவிட்டு வீட்டு மூலையில் ஒடுங்கிவிட்ட முதியவர்கள், ஊருக்கு உழைத்து ஓய்ந்த தொண்டர்கள், நம் நகரத்து மாடிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு மூட்டை கட்டும் கூலியாட்கள், எல்லோருமே நமக்கு மறையும் சூரியன்கள்தாம். அவர்களிடம் இனி நமக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை. அதனாலேயே அவர்களை நோக்கித் திரும்பி நிற்கும் ஒரு நிமிஷம் கலப்பில்லாத வழிபாடு ஆகிறது. கற்கோயில் கட்டிய மன்னர்களுக்குத் தெரியாத இந்த வித்தையைக் கங்கைக் கரைப் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆகையால்தான் அவர்கள் கையில் இருக்கும் அகல் இன்னும் அணையவில்லை.